பாலம் வேலை நடைபெறுகிறது

ஜனவரி 9

தம்பி,

நீ அனுப்பிய காகிதம் வந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வேறு போட்டிருக்கிறாய், எனக்கு இடம் தெரியாத மாதிரி. தெரிகிறது. போட மாட்டேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் கத்துவேன், நீ "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவுக்குக் கேட்கும். உன் ஆபீஸ் மெயிலையோ வக்கீல் உட்பட நாலு பேர் படிக்கிறார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதும்போது கொஞ்சம் யோசித்துக் கத்தலாம்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது ஒரே ஒரு கேம். நான் வரைந்தேன், கதை எழுதினேன். நீ அதை ஓட வைத்தாய். ஒரு மலையடி ஊர், அந்த ஊருக்கு ஒரே பஸ், அதை ஓட்டுவதுதான் ஆட்டம். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. குடையை மறந்துவிட்டு இறங்கும் டீச்சர், டிக்கெட் இல்லாமல் ஏறும் நாய், இரண்டாம் வகுப்புப் படிக்கும் ரெட்டைச்சடை. நீ எப்படி ஓட்டுகிறாய் என்பதை அவர்கள் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், உன்னோடு சேர்ந்து அவர்களுக்கும் வயதாகும். ஊர் எல்லையில் பாதி கட்டிய பாலம், "பாலம் வேலை நடைபெறுகிறது" என்று ஒரு பலகை. அந்தப் பலகையை என்றைக்காவது எடுப்போம் என்று நாம் ஆடுகிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்.

நம் ஒப்பந்தத்தில் அந்த வரியை எழுதியது நான்தான். வக்கீல் பாஷை வேண்டாம் என்று சாதாரணமாக எழுதினேன். ஆடுகிறவர் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் ஃபைல்தான் சேவ். பழைய சேவைப் படித்து ஓடுவது விரிவு. அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், மற்றவரைக் கேட்க வேண்டியதில்லை. பழைய சேவ் இல்லாமல் புதிதாகத் தொடங்குவது இரண்டாம் பாகம். அதற்கு இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். ஏன் அப்படி எழுதினேன் என்றால், விரிவில் நேற்று இறங்கிய இடத்திலேயே இன்றைக்கு ஏறுகிறோம். அதே பஸ், அதே ஜனங்கள், பாதை மட்டும் நீளும். இரண்டாம் பாகத்தில் யாரோ ஒருவன் வேறு எங்கிருந்தோ வருகிறான். ஊர் பெயர் மட்டும்தான் பழசு.

நீ கையெழுத்துக் கேட்கிற இரண்டாம் பாகத்தில், இருபது வருஷம் கழித்து ஒரு புது டிரைவர் என்கிறாய். பழைய டிரைவர் என்ன ஆனார் என்று கேட்டதற்கு, "ரிட்டயர் ஆயிட்டாருன்னு வெச்சுக்கலாம்க்கா" என்றாய். அந்தப் பழைய டிரைவர் இப்போது அடுத்த அறையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். வலது கை விழுந்த பிறகு அவருடைய லைசென்ஸை நான்தான் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். இன்றைக்கு அவருக்கு இருக்கிற ஒரே வண்டி நம்முடையதுதான். இடது கையால் மட்டும் ஓட்டுகிற மாதிரி பட்டன்களை மாற்றிக் கொடுத்தேன். காலையில் டீ முடிந்ததும் டிப்போவுக்குப் போகிறவர் மாதிரி எழுந்து அந்த நாற்காலிக்குப் போகிறார். உன் இருபது வருஷத்தில் அவர் எங்கே இருப்பார்?

அக்கா

ஜனவரி 20

அக்கா,

கண்டக்டர் விசில் ஊதியாச்சு, வண்டி நின்றாச்சு. சின்ன வயதில் அப்பா உனக்குச் சும்மாவா அந்தப் பெயர் வைத்தார்?

இங்கே என் நிலைமையையும் கொஞ்சம் நினைத்துப் பார். விரிவு என்றால் ஏற்கெனவே கேம் வைத்திருக்கிறவன்தான் வாங்குவான் என்கிறார்கள் கம்பெனியில். புதிதாக வருகிறவனுக்கு டீச்சர் யார், நாய் யார் என்று எதுவும் தெரியாது, நடுவழியில் ஏறியவன் மாதிரி முழிப்பான். இரண்டாம் பாகம் என்றால் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஏறலாம். இது என் பேராசை இல்லை, தொழில். ஒரு ஹால் நிறைய ஆட்கள் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இருந்தாலும் நீ சொல்லிவிட்டாய். சரி, விரிவுதான். பாலத்தைத் திறக்கிறேன். விரிவுக்கு உன் கையெழுத்து வேண்டாம் என்று நீயே எழுதியிருக்கிறாய், அந்த வம்பும் மிச்சம்.

ஒரு சின்ன உதவி. அப்பா தன் டிரைவருக்கு என்ன பெயர் கொடுத்திருக்கிறார்? எழுத்து மாறாமல் எழுதி அனுப்பு. பழைய சேவிலிருந்து பெயர் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

உன் தம்பி

பிப்ரவரி 2

அன்புத் தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதல் வேலையாக அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "எக்ஸ்பிரஸ் பாலம் கட்டுதா? தூண் நிக்குமான்னு கேளு" என்றார். உன் பட்டப்பெயர் இன்னும் மறக்கவில்லை. சிரித்ததில் டீ சட்டையில் கொட்டியது. அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது.

பெயர் கேட்டாயே. மெதுவண்டி. டிப்போவில் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று உனக்குத் தெரியுமா? நின்றுகொண்டு வருகிறவர்கள் தள்ளாடக் கூடாது என்று பிரேக்கை அவர் எப்போதும் முன்கூட்டியே மிதிப்பாராம். ஒரு நாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை, ஒரு ஆள்கூட விழுந்ததும் இல்லை. கிண்டலுக்கு வைத்த பெயரைத்தான் கேமில் தானே ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் போட்டுக்கொண்டார். எழுத்து மாறாமல் அனுப்புகிறேன்: மெதுவண்டி.

இன்னொன்று. அவருடைய ரெட்டைச்சடை இப்போது பள்ளிக்கூடம் முடித்துவிட்டாள். சடை ஒன்றாகிவிட்டது. அவள் சேர வேண்டிய காலேஜ் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்று நாம்தானே எழுதி வைத்தோம். தினமும் பலகை வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். அப்பா ஸ்க்ரீனைப் பார்த்து, "கொஞ்சம் பொறும்மா, சின்னவன் முடிச்சுடுவான், முதல் நாள் நானே கொண்டுபோய் விடறேன்" என்கிறார். பெட்டியிலிருந்து பழைய யூனிஃபார்ம் சட்டையை எடுத்து அயர்ன் பண்ணி வைக்கச் சொல்லியிருக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? பண்ணி வைத்தேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கரையை நானே வரைந்துவிட்டேன். காலேஜ் வாசல், மீன் வலை காயப்போடும் இடம், பஸ் திரும்ப வசதியாக ஒரு பெரிய வட்டம். கட்டாகக் கட்டி இத்தோடு அனுப்புகிறேன். உன்மேல் கோபமாக இருந்தபோதே பாதி வரைந்தது. நிறம் கொஞ்சம் அழுத்தமாக இருந்தால் குறைத்துக்கொள்.

ஜனவரியில் நான் எழுதியதில் எது உறைத்ததோ அதை மறந்துவிடு.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வெளியாகிறது. வியாழக்கிழமை ராத்திரி மெஷினையும் நெட்டையும் அணைக்காமல் விட்டுவை, அது தானாக வந்து ஏறிக்கொள்ளும். காலையில் நீ திறந்து பார்க்காதே. அப்பாதான் முதலில் பார்க்க வேண்டும். அவருக்காக ஒன்று வைத்திருக்கிறேன்.

படங்கள் கிடைத்தன. அழகு.

தம்பி

ஏப்ரல் 16

அன்புடையீர்,

அப்படித்தான் தொடங்கினேன், முன்பின் தெரியாத கம்பெனிக்காரனுக்கு எழுதுவது போல. அந்த மரியாதை ஒரு வரிக்கு மேல் என் கைக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா ஷேவ் பண்ணிக்கொண்டார். யூனிஃபார்ம் சட்டை போட்டுக்கொண்டார், பட்டனை நான் மாட்டினேன். என்னையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "கண்டக்டர் இல்லாம வண்டி எடுக்கக் கூடாது" என்றார்.

ஸ்க்ரீனில் மழை பெய்தது. ஒரு ஷெட். புல் மண்டிக் கிடந்தது. அதற்குள்ளே நம் பஸ், சக்கரம் இல்லாமல், கண்ணாடி உடைந்து. சரி, ஏதோ கனவுக் காட்சி, இதோ முடிந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்தது டிப்போ ஆபீஸ் சுவர். அந்தச் சுவரில் கறுப்புச் சட்டம் போட்ட ஒரு படம். நான் வரைந்த டிரைவர் முகம். அதன் கீழே, "மெதுவண்டி. இவ்வூரின் முதல் டிரைவர். மறைந்தாலும் நம் நினைவில் வாழ்கிறார்." ஒரு பையன் வந்து படத்துக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

அப்பா அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் எப்பம்மா செத்தேன்?" என்று கேட்டார்.

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. அவர் பட்டனை அழுத்தி அழுத்தி, அந்தப் பையனின் புது வண்டியில் ஆட்களை ஏற்றிப் பாலம்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, அவனை ஷெட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். நம் பஸ் கதவருகில் அவனை நிறுத்தி ஏறப் பார்த்தார். "இந்த வாகனம் பயன்பாட்டில் இல்லை" என்று வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே. பாலம் திறந்துதான் இருக்கிறது. எப்போதோ திறந்து, பழசாகி, விளக்குக் கம்பம் எல்லாம் துரு ஏறி. ரெட்டைச்சடையை முதல் நாள் யார் கொண்டுபோய் விட்டார்கள்? நான் வரைந்த கரையில் ஒரு புல்லைக்கூடக் காணோம்.

அவர் தூங்கிய பிறகு சேவைத் திறந்து பார்த்தேன். இத்தனை வருஷத்து ஓட்டத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பழைய சேவைப் படித்தால் விரிவு என்றுதானே நான் எழுதினேன்? நீயும் படித்திருக்கிறாய். பெயரை மட்டும் படித்திருக்கிறாய். அது போதும், சட்டப்படி விரிவு, அக்காவின் கையெழுத்து வேண்டாம். விரிவு என்று கேம் விற்கும் ஆன்லைன் கடையில் பதிவு செய்ததால்தான் அது எங்களைக் கேட்காமல் வந்து பழைய கேமின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் பாகம் என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் அது பக்கத்தில் ஒரு ஓரமாகக் கிடந்திருக்கும், அப்பா பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருப்பார்.

பெயரை என்னிடமே கேட்டு வாங்கினாயே. நானும் எழுத்து மாறாமல் எழுதி அனுப்பினேனே.

ஏப்ரல் 24

அக்கா,

அது அஞ்சலி. உனக்கு அது புரியவே இல்லையா? இந்தக் காட்சியை முதல் முறை போட்டுக் காட்டியபோது இங்கே ஹாலே அழுதது. ஆடுகிற ஒவ்வொருவனுக்கும் அவனவன் வைத்த பெயர் அந்தச் சுவரில் வரும். நீ வண்டி ஓட்டிய காலம் முடிந்தது, ஊர் உன்னை மறக்கவில்லை என்று சொல்லும் காட்சி அது. அப்பா பெருமைப்படுவார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

விதியை நான் மீறவில்லை. உன் வரியைத்தான் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு படிக்க வேண்டும் என்று நீ எழுதவில்லை.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன், நான் ஒன்று கேட்கிறேன். அந்தக் கேமை யாராவது என் கேம் என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? உன் நாய், உன் டீச்சர், உன் மழை. அப்பாகூட வருகிறவர் போகிறவரிடம் "பொண்ணு செஞ்சது" என்றுதான் சொல்வார். "பையன் என்ன பண்ணான்?" என்று யாராவது கேட்டால், "அவன் மெஷின் வேலை பார்த்தான்" என்பார். விரிவு என்றால் இன்னும் கொஞ்சம் உன் ஊர். காலம் பூரா உன் ஊருக்கு ரோடு போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா நான்? எனக்கென்று ஒரு டிரைவர் வேண்டியிருந்தது. நேரே வந்து கேட்டேன், நீ மாட்டேன் என்றாய். அதற்குப் பிறகுதான் கொல்லைப்புறமாக வந்தேன்.

சேவ் போனது மட்டும் நான் நினைக்காதது. பழைய ஃபைல் அப்படியே பக்கத்தில் இருக்கும் என்று நம்பினேன். பெயரை எடுக்கும் அந்தத் துண்டு நிரலை வேறு யாரையும் விடாமல் நானே எழுதினேன், அவசர அவசரமாக. படித்து முடித்ததும் அதன் மேலேயே எழுதிவிடுகிறது. எக்ஸ்பிரஸ் என்று அப்பா சும்மா சொல்லவில்லை.

அவரிடம் பேச வேண்டும். போனை எடுக்க மாட்டேன் என்கிறார்.

தம்பி

மே 1

அப்பா மெஷின்மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். டீ குடித்ததும் பழக்கத்தில் எழுந்து அந்த நாற்காலி வரைக்கும் போகிறார், நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். இதை நான் தினமும் பார்க்கிறேன். உன் ஹாலில் அழுதவர்களுக்கு இந்தக் காட்சியையும் போட்டுக் காட்டு.

இடது கைக்குப் பட்டன் மாற்றியபோது ஒரு பாதுகாப்புக்கு நான் பிரதி எடுத்து வைத்த சேவ் ஒன்று கிடைத்தது. அவருடைய முதல் நாள் மட்டும் அதில் இருக்கிறது. அதையாவது ஓட்டலாம் என்றால் பழைய கேமே எங்கும் இல்லை. கடையில் எதை இறக்கினாலும் உன்னுடையதுதான் வருகிறது. எத்தனையோ பேர் வீட்டில் இதே கதி என்று எனக்கு எழுதிக் கேட்கிறார்கள், நான்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு. உன் டிரைவருக்கும் என் பெயர்தான் அடிபடுகிறது.

பழைய கேம் வேண்டும். அதற்கு என்ன வழி என்று மட்டும் எழுது. உன் மனசைப் பற்றி எழுதாதே.

மே 8

அக்கா,

வழியை மட்டும் எழுதுகிறேன்.

விரிவு என்று பதிவில் இருக்கும்வரை பழையதைத் தனியாக வைக்க முடியாது, இரண்டும் ஒரே கேம் என்கிறது கடை. இரண்டாம் பாகம் என்று பதிவை மாற்றினால் இரண்டும் பிரிந்துவிடும், பழையது பழைய இடத்துக்குத் திரும்பும். கம்பெனியை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டேன். எப்படி என்று கேட்காதே.

ஆனால் இரண்டாம் பாகத்துக்கு இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். ஜனவரியில் நீ மாட்டேன் என்ற அதே காகிதம்தான். இத்தோடு வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதை இப்போது உன்னிடமே கேட்டு நிற்கிறேன். இந்த முறை பென்சில் குறி போடவில்லை.

வீட்டுக்கு வரலாமா? இது வழியில் சேராது என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

தம்பி

ஜூன் 14

தம்பி,

கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் போன மாதமே அனுப்பினேன். அதோடு ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் நீ எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி இருந்திருக்காது. உன்னுடையதிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டாய் என்று பார்த்தேன். நல்லது. இனி அது உன் கேம், முழுக்க உன்னுடையது. நீ ஆசைப்பட்டதுதானே. அந்தக் கையெழுத்தை மன்னிப்பாக எடுத்துக்கொண்டுவிடாதே. திருடன் கையில் இருக்கிற என் பொருளுக்கு நானே ரசீது எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்கு வண்டி வேண்டியிருந்தது, அதனால் கொடுத்தேன்.

பழைய கேம் திரும்பி வந்துவிட்டது. பிரதி எடுத்த சேவைப் போட்டுவிட்டு அப்பாவிடம் போய்ச் சொன்னேன். முதலில் வரமாட்டேன் என்றார். "இன்னொரு தரம் எதைம்மா காட்டப் போறே?" என்றார். கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

பஸ் அங்கேயே நின்றது, கழுவித் துடைத்து, நாலு சக்கரத்தோடு. ஊரே திரும்பச் சின்னதாகிவிட்டது. நாய்க்குட்டிக்கு இன்னும் படி ஏறத் தெரியவில்லை. டீச்சர் தலையில் ஒரு நரைகூட இல்லை. மூன்றாவது நிறுத்தத்தில் ரெட்டைச்சடை ஏறினாள், முதுகில் பெரிய பை, இரண்டாம் வகுப்பு. காலேஜ் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்த பெண். அவரை நிமிர்ந்து பார்த்து, "புது டிரைவரா நீங்க?" என்று கேட்டாள். முதல் வாரம் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான், நான் எழுதியதுதான். அப்பா ஸ்க்ரீனைப் பார்த்து, "ஆமாம்மா, புதுசுதான்" என்றார்.

இப்போது தினமும் ஓட்டுகிறார். முன்னைவிட மெதுவாக. பலகை வரைக்கும் போய் வண்டியை நிறுத்திவிட்டு, அந்தப் பாதிப் பாலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்புகிறார். அந்தப் பெண் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ஓட்ட அவர் உடம்பு இடம் கொடுக்குமா என்று நான் கணக்குப் போடுவதில்லை. பாலத்தை நான் திறப்பேன். நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறேன், தப்பும் தவறுமாக. உன்னைக் கேட்க மாட்டேன்.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். தம்பி என்கிற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வருவதானால் வேண்டாம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற அத்தனையையும் தூக்கிக்கொண்டு வருவதானால் வா.

அது என் கணக்கு. அப்பாவிடம் தனியாகக் கேட்டேன், அவனை வரச் சொல்லட்டுமா என்று. பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தது. நாய் ஏறி முடிக்கும்வரை காத்திருந்து கதவை மூடினார். பிறகுதான் பேசினார்.

"வரட்டும். நம்ம வண்டி எல்லாருக்கும் நிக்கும். புது வண்டியில பிரேக் நல்லா வெச்சிருக்கான், ஒருத்தரும் தள்ளாடல, அதையும் எழுது. அவனும் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கான் பாரு." வளைவு வந்தது. இடது கையால் மெதுவாகத் திருப்பி முடித்தார். "ஆனா எனக்காக ஒண்ணு கேளும்மா. என் படத்தை மாட்டறதுக்கு, நான் போற வரைக்கும் அவனால பொறுக்க முடியலையா?"

கேட்டுவிட்டேன்.